வேரோடு ஒரு பிடி மண்

இடம்பெயர்ந்த பிள்ளைகளும் சிறுவர் உளவியலாளரின் பணியும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று எவற்றையெல்லாம் இழந்தது என்று கேட்டால் கணக்குச் சொல்வது எளிது. இத்தனை பரப்புத் தோட்டம், இத்தனை ஏக்கர் வயல், ஒரு கிணறு, நீர் இறைக்கும் இயந்திரம், மாடு கன்று, ஓட்டு வீடு, தென்னை, பனை. நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களில் இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டம் இருக்கிறது. ஆனால் அதே குடும்பத்தின் எட்டு வயதுப் பிள்ளை இழந்தவற்றை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கூடி விளையாடிய சிநேகிதி, படலையில் காத்து நிற்கும் நாய், அம்மம்மா கதை சொல்லும் திண்ணை, இருட்டிலும் கால் தடக்காமல் ஓடத் தெரிந்த வளவு ஆகியவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அந்த இழப்பு வேறு விதமாகத் தன்னைக் காட்டுகிறது. முகாம்களிலும், உறவினர் வீட்டுக் கோடியில் அடித்த கொட்டில்களிலும், மீள்குடியேறிய ஊர்களிலும் தாய்மார் சொல்லும் வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. "பிள்ளை முந்தி இப்பிடி இல்லை." "ஏழு வயதாச்சு, திரும்பவும் பாயை நனைக்கிறாள்." "தொட்டதுக்கெல்லாம் சண்டை." "வாயே திறக்கிறான் இல்லை." சிலர் இதைக் குழப்படி என்று எண்ணி அடிக்கிறார்கள். சிலர் மனநோய் என்று பயந்து மறைக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவுவதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்காகவே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர்தான் சிறுவர் மற்றும் கட்டிளமைப் பருவ உளவியலாளர். அவருடைய பணி என்ன, அவர் பல நாடுகளில் பட்டறிந்த பாடம் என்ன, அதில் எவ்வளவை நாம் நமது கொட்டிலிலேயே செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உளவியலாளர் என்ன செய்கிறார்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். உளமருத்துவர் என்பவர் வைத்தியம் படித்தவர். தேவையானால் மருந்து எழுதுவார். உளவியலாளர் மனித மனத்தின் வளர்ச்சியையும் நடத்தையையும் படித்தவர்; அவர் மருந்து கொடுப்பதில்லை. உளவளத்துணையாளர் என்பவர் மனக்கஷ்டத்தில் இருப்போருடன் பேசித் துணைநிற்கப் பயிற்சி பெற்றவர். பல பாடசாலைகளில் ஆசிரியர் ஒருவரே இப்பணியைச் செய்கிறார். நமது நாட்டில் சிறுவருக்கென்றே பயின்ற உளவியலாளர் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் பட்டணங்களிலேயே இருக்கிறார்கள். ஆகையால் கிராமத்தில் நீங்கள் சந்திக்கக் கூடியவர் அநேகமாக உளவளத்துணையாளராகவே இருப்பார். செய்யும் முறை பெரிதும் ஒன்றே.

அவர் பிள்ளையைக் கதிரையில் இருத்திக் கேள்விமேல் கேள்வி கேட்பதில்லை. முதலில் பெற்றோருடன் பேசுவார். பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, இடம்பெயர முன்னர் எப்படி இருந்தது, வழியில் எதைக் கண்டது, வீட்டில் யார் இப்போது இல்லை, எத்தனை மணிக்கு நித்திரை, என்ன சாப்பாடு என்றெல்லாம் கேட்பார். பிறகு பிள்ளையுடன் நிலத்தில் இருப்பார். கடதாசி, வர்ணப் பென்சில், களிமண், பொம்மை போன்றவையே அவருடைய கருவிகள். பெரியவர்கள் வாயால் சொல்வதைப் பிள்ளைகள் விளையாட்டால் சொல்கிறார்கள். ஒரே விமானத்தையும் ஒரே எரியும் வீட்டையும் திரும்பத் திரும்பக் கீறும் பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை. தனக்குள் அடங்காத ஒன்றை வெளியே வைத்துப் பார்க்க முயல்கிறது.

உடலையும் அவர் மறப்பதில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை மனம் இறுகிப் போனதாக இருக்கலாம். எறிகணை வெடித்த அதிர்ச்சியில் செவிப்பறை பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பாயை நனைக்கும் பிள்ளைக்குச் சிறுநீர்க் கிருமித்தொற்று இருக்கலாம். இடையிடையே வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்கு வலிப்பு இருக்கலாம். ஆகவே தேவையானபோது வைத்தியரிடம் அனுப்புவார். பின்னர் ஆசிரியரையும் காண்பார்.

இவ்வளவும் செய்த பிறகு அவர் பிள்ளையோடு செலவிடும் நேரத்தைவிடப் பிள்ளையைச் சுற்றியுள்ளோருடன் செலவிடும் நேரமே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இது பலருக்கு ஏமாற்றமாகப் படலாம். "பிள்ளையைச் சுகப்படுத்துங்கோ எண்டு கூட்டி வந்தால் எங்களோட கதைக்கினம்" என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. ஆனால் காரணத்தோடுதான் அவர் அப்படிச் செய்கிறார்.

மிளகாய்க் கன்று பிடுங்கி நடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேடையை நனைத்து, வேரைச் சுற்றிய மண்ணோடு கன்றைக் கிளப்பினால் அது புதிய நிலத்திலும் பிடிக்கும். வேரை உதறிப் பிடுங்கினால் எவ்வளவு நல்ல பசளை போட்டாலும் வாடும். பிள்ளைக்கு அந்த ஒரு பிடி மண் அதனுடைய மனிதர்கள்: தாய், தந்தை, சகோதரர், அம்மம்மா, அயலவர். இடம் மாறினாலும் இவர்கள் கூடவே இருந்தால் பிள்ளை தப்பிப் பிழைக்கும். இது வெறும் உவமை அல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இன்னொரு நாட்டுப் பிள்ளைகள் பட்ட துன்பத்தால் உலகம் கற்றுக்கொண்ட பாடம்.

இலண்டன் கற்ற பாடம்

1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரித்தானிய அரசாங்கம் இலண்டன் முதலிய நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகர்த்தப்பட்டனர். பாடசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாய் தந்தையர் இன்றியே அனுப்பப்பட்டனர். கழுத்தில் பெயர்த் துண்டு தொங்க, முன்பின் தெரியாதோர் வீடுகளில் அவர்கள் விடப்பட்டனர். உயிரைக் காப்பதற்காகவே இது செய்யப்பட்டது. ஆயினும் பல பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைத்தனர், களவெடுத்தனர், ஓடிப்போயினர். எதிர்பார்த்த குண்டுவீச்சு உடனே நிகழாததால் பாதிக்கும் மேற்பட்டோர் 1940 ஜனவரிக்குள் வீடு திரும்பிவிட்டனர்.

1939 டிசெம்பரிலேயே ஜோன் போல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வினிகொட் ஆகிய மூன்று வைத்தியர்கள் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி எச்சரித்தனர். இரண்டு முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளைத் தாயிடமிருந்து நீண்டகாலம் பிரிப்பது அவர்களின் மனவளர்ச்சியைப் பாதிக்கும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

அதே காலத்தில் அன்னா பிராய்ட் என்ற பெண்மணி இலண்டனில் இருந்தார். அவரும் இடம்பெயர்ந்தவரே. நாசிகள் வியன்னாவைக் கைப்பற்றியதும் 1938 இல் தந்தை சிக்மண்ட் பிராய்டுடன் அங்கு தஞ்சம் புகுந்தவர். 1941 இல் தோழி டொரதி பேர்லிங்கமுடன் சேர்ந்து ஹம்ஸ்ரெட் பகுதியில் போர்க்கால இல்லங்களைத் தொடங்கினார். வீடு இழந்த பிள்ளைகளும், தொழிற்சாலை வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளும் அங்கு வந்தனர். அவரும் உடன் பணியாற்றியோரும் பிள்ளைகளை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினர்.

அவர்கள் கண்டது பலரை வியக்க வைத்தது. குண்டு விழும் இலண்டனில் தாயுடன் பதுங்குகுழியில் இருந்த சிறுபிள்ளைகள், தாய் பதறாதிருக்கும்வரை, எதிர்பார்த்த அளவுக்குக் கலங்கவில்லை. பாதுகாப்பான இடத்தில் தாயைப் பிரிந்திருந்த பிள்ளைகளே கூடுதலாகத் தளர்ந்து போயினர். குண்டைவிடப் பிரிவு பிள்ளையைப் பெரிதாகத் தாக்கியது.

அதைக் கண்ட அன்னா பிராய்ட் இல்லத்தின் நடைமுறையை மாற்றினார். தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்றார். பிள்ளைகளை நாலைந்து பேர் கொண்ட சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பணியாளரைத் தாய்போல் பொறுப்பாக்கினார். தொடக்கத்தில் அழுகையும் பொறாமையும் பெருகின. சில வாரங்களில் பிள்ளைகள் அமைதியடைந்தனர். பேச்சும் பழக்கவழக்கங்களும் விரைவாக முன்னேறின.

வினிகொட் ஒக்ஸ்போட்சயர் பகுதியில், எந்த வீட்டிலும் வைத்திருக்க முடியாத குழப்படிப் பிள்ளைகளுக்கான விடுதிகளுக்கு வாரந்தோறும் சென்றுவந்தார். தாமே பேசிப் பிள்ளைகளைச் சுகப்படுத்தலாம் என்ற நினைப்போடு போனவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1970 இல் ஆற்றிய உரையொன்றில், அங்கு பிள்ளைகளைச் சுகப்படுத்தியவை விடுதியின் சுவரும் கூரையும், சமையற்காரரும், நேரம் தவறாமல் வந்த சாப்பாடும்தான் என்று தாம் கண்டுகொண்டதைச் சொன்னார். பெரும் பெயர் பெற்ற நிபுணர் ஒருவரின் வாயிலிருந்து வந்த இச்செய்தி, கொட்டிலில் அடுப்பு மூட்டும் ஒவ்வொரு தாய்க்கும் உரியது.

நமது மண்ணில்

நமது நாட்டில் 1990 இலும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையிலும், 2009 இல் வன்னியிலும் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறின. 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைபட்டிருந்தனர். அப்போது கைக்குழந்தைகளாக இருந்தோர் இன்று கட்டிளமைப் பருவத்தைக் கடக்கிறார்கள்.

இம்மண்ணிலும் நல்ல பணிகள் நடந்துள்ளன. மட்டக்களப்பில் 1996 இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாக வந்து, களிமண் பிசைந்து, படம் கீறி, கதை கட்டி, நாடகம் ஆடினர். "என்ன நடந்தது, சொல்" என்று பிள்ளையை யாரும் நெருக்கவில்லை. பிள்ளை தானாகச் சொல்ல முன்வரும்வரை காத்திருந்தனர்.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடகிழக்கு முகாமொன்றில் ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் நமது ஆசிரியர்களைப் பயிற்றி ஒரு முயற்சி செய்தனர். 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவில், பிள்ளை தன் வாழ்க்கையை ஒரு கயிறாக நிலத்தில் விரித்தது. நல்ல நாட்களுக்குப் பூவும் கெட்ட நாட்களுக்குக் கல்லும் அதன்மேல் வைத்தது. பின்னர் பிறந்தது முதல் இன்றுவரை வரிசையாகக் கதை சொன்னது. துணையாளர் அதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டினார். மற்றக் குழு மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்தது. இரு குழுக்களுக்கும் ஆறு அமர்வுகள் நடந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாவது குழுவில் நூற்றுக்கு 71 பேரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தனர். சிறிய ஆய்வுதான். ஆயினும் கடும் மனவடுவும் ஆறக் கூடியது என்பதையும், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர் ஒருவராலேயே அதைச் செய்ய முடியும் என்பதையும் அது காட்டியது.

இன்னோர் ஆய்வு நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அதே உளவியலாளர்கள் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைச் சந்தித்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு அது. நூற்றுக்கு 30 பேரளவில் மனவடு நோய் இருந்தது. போரும் கடலும் மட்டுமன்றி, வீட்டுக்குள் விழும் அடியும் பிள்ளையின் மனத்தைக் கெடுக்கும் காரணிகளில் ஒன்றாக அங்கு பதிவாயிற்று. தந்தையின் குடியும் அந்த அடியும் சேர்ந்தே காணப்பட்டன. போரை நம்மால் தடுக்க முடியவில்லை. எறிகணையை நம்மால் தடுக்க முடியவில்லை. ஆனால் பூவரசங் கம்பை முறித்துப் போட நம்மால் முடியும்.

பிள்ளை காட்டும் அடையாளங்கள்

ஆறு வயதுக்குக் கீழ்: தாயின் சட்டையை விடாமல் பிடித்தல், விட்டுவிட்ட பழக்கங்களுக்குத் திரும்புதல் (விரல் சூப்புதல், மழலைப் பேச்சு, பாயை நனைத்தல்), இரவில் அலறி எழும்புதல்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை: படிப்பில் மனம் செல்லாமை, காரணமில்லாத வயிற்றுவலி தலைவலி, சத்தத்துக்குத் திடுக்கிடுதல், அதே பயங்கரத்தை விளையாட்டாகத் திரும்பத் திரும்ப நடித்தல், "நான் தண்ணி அள்ளப் போகாட்டில் தம்பி செத்திருக்க மாட்டான்" என்பதுபோல் தன்மேல் குற்றம் சுமத்துதல்.

கட்டிளமைப் பருவம்: ஒதுங்கியிருத்தல், கடுங்கோபம், பாடசாலையை விட்டு விலகல், குடி, ஆபத்தை நாடிப் போதல், "இனி என்ன இருக்கு" என்ற பேச்சு.

இவற்றுள் பல, பெரும் துன்பத்தின் பின்னர் எந்தப் பிள்ளையிடமும் தோன்றுவன. வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்ததும் பெரும்பாலான பிள்ளைகளிடம் தாமாகக் குறைந்துவிடும். எல்லாப் பிள்ளைக்கும் நிபுணர் தேவையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒழுங்கும் ஆளும் தேவை.

கொட்டிலில் நாம் செய்யக் கூடியவை

1. நாளுக்கு ஓர் ஒழுங்கை உண்டாக்குங்கள். விடிய எழும்புதல், முகம் கழுவுதல், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு, நித்திரை ஆகியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கட்டும். நிவாரண அரிசிக் கஞ்சியாயினும் எல்லோரும் கூடியிருந்து குடியுங்கள். நாளை எது நடக்கும் என்று தெரிந்த பிள்ளை இன்று பயமின்றிப் படுக்கும்.

2. பாயை நனைக்கும் பிள்ளையை அடிக்கவோ, மற்றவர் முன் வெட்கப்படுத்தவோ வேண்டாம். படுக்க முன் வெளியே கூட்டிச் செல்லுங்கள். மலசலகூடம் தூரமாகவும் இருட்டாகவும் இருந்தால் பிள்ளை போகப் பயந்திருக்கும். ஒரு ரோச் லைற்றும் கூட வருகிற ஆளும் அந்தப் பயத்தைப் போக்கும்.

3. விளையாட இடமும் நேரமும் கொடுங்கள். கூப்பன் வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பிள்ளையின் நாள் முழுவதையும் கழிக்க விடாதீர்கள். பயங்கரத்தை விளையாடினாலும் உடனே தடுக்க வேண்டாம். அருகில் இருந்து, கடைசியில் யாராவது காப்பாற்ற வருவதாக விளையாட்டை மெல்லத் திருப்பலாம்.

4. பிள்ளையின் வயதுக்கு ஏற்ற சிறு வேலை கொடுங்கள். இரண்டு கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஒரு கோழியைப் பார்ப்பதும் பிள்ளைக்கு "என்னாலும் முடியும்" என்ற எண்ணத்தைத் தரும். ஆனால் வீட்டுப் பாரம் முழுவதையும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

5. கேட்கும்போது கேளுங்கள், கிண்டிக் கேட்காதீர்கள். பிள்ளை பேசத் தொடங்கினால் "அதை விடு, மற" என்று வாயை மூடவும் வேண்டாம். பேசாத பிள்ளையை வருவோர் போவோர் முன் நிறுத்தி நடந்ததைச் சொல்ல வைக்கவும் வேண்டாம். நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பயன் தருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்துகிறது.

6. உங்களையும் பாருங்கள். தாயின் முகமே பிள்ளைக்குக் காலநிலை அறிக்கை. அழுவது தவறல்ல, "அம்மாவுக்கும் கவலைதான், ஆனால் நாங்கள் சேர்ந்திருக்கிறம்" என்று சொல்லுங்கள். பல நாட்களாக எழும்பவே முடியாத சோர்வு இருந்தால் பிள்ளைக்கு முன்னர் உங்களுக்கே உதவி தேவை. அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

கோயிலில் நூல் கட்டுதல், தேவாலயத்தில் செபித்தல், பள்ளிவாசலில் ஓதுவித்தல் ஆகியவை ஆறுதல் தருமானால் அவற்றை எந்த நல்ல உளவியலாளரும் தடுப்பதில்லை. பிள்ளையை அடிக்கும், சூடு வைக்கும், பட்டினி போடும் எதற்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

"அப்பா எங்கே?"

இறந்தவரையும் காணாமற் போனவரையும் பற்றிப் பிள்ளை கேட்கும் கேள்விதான் தாய்மாருக்கு மிகக் கடினமானது. "அப்பா வெளிநாட்டில்" என்று சொல்லிவிடுவது அந்த நேரத்துக்கு எளிது. ஆனால் பிள்ளை உண்மையை வேறு யாராவது வாயால் அறியும். அன்று தந்தையை மட்டுமல்ல, தாயின் சொல்லையும் இழக்கும். உளவியலாளர்கள் கூறுவது இதுதான்: வயதுக்கேற்ற எளிய சொல்லில் உண்மையைச் சொல்லுங்கள். இறந்திருந்தால் "அப்பா செத்துப் போனார், இனி வரமாட்டார், அது உன்னுடைய பிழை இல்லை" என்று சொல்லுங்கள். "நித்திரை கொள்கிறார்" என்று சொன்னால் சிறுபிள்ளை நித்திரைக்கே பயப்படும். காணாமற் போயிருந்தால் "எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறம், தெரிந்தால் உனக்குச் சொல்லுவன்" என்பதே நேர்மையான பதில். அவருடைய படத்தை ஒளித்து வைக்காதீர்கள். அவரைப் பற்றி வீட்டில் பேசலாம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

விடுதியில் விடுவதா?

இனி நாம் சொல்லப் போவது பல குடும்பங்களுக்கு மிகப் பெரிய தீர்மானம். வாழ்வாதாரம் இழந்த பெற்றோர், "அங்கே மூன்று நேரமும் சாப்பாடு, படிப்பும் ஓடும்" என்று எண்ணிப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் அல்லது விடுதியில் சேர்க்கிறார்கள். நமது நாட்டின் சிறுவர் இல்லங்களில் உள்ள பலருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். அன்பில்லாமல் அன்று, பெரும்பாலும் வறுமையினாலேயே அவர்கள் அங்கு விடப்பட்டவர்கள். திருச்சபைகள் நடத்தும் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.

இலண்டன் பாடத்தை மனதில் கொண்டு நாம் கேட்டுக்கொள்வது இது: விடுதி கடைசி வழியாக இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாயின் இன்னும் நூறு முறை யோசியுங்கள். சித்தி, மாமி, பேரன் பேர்த்தியார் வீட்டில் விட வழியுண்டா? அஸ்வெசும போன்ற அரச கொடுப்பனவுக்குத் தகுதி உண்டா? பிள்ளையை வைத்திருக்க உதவி கேட்டுப் பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தரிடம் போனீர்களா? இல்லம் நடத்துவோரிடமும் நாம் கேட்கலாம்: பிள்ளைக்கு அங்கு செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை, பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கக் குடும்பத்துக்குக் கொடுக்க முடியாதா?

வேறு வழியே இல்லையென்றால் வேரோடு கொஞ்சம் மண்ணையும் அனுப்புங்கள்.

* முன்கூட்டியே சொல்லுங்கள். ஏமாற்றிக் கூட்டிச் சென்று விட்டுவிட்டு வராதீர்கள்.
* முதல் நாட்களில் கொஞ்ச நேரம் கூட இருந்து, படிப்படியாகப் பிரியுங்கள்.
* சகோதரரைப் பிரிக்காதீர்கள். 1945 இல் நாசி முகாமொன்றிலிருந்து மீட்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆறு சிறு அநாதைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விடாமல் பற்றிக்கொண்டே பிழைத்ததை அன்னா பிராய்ட் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கூடப் பிறந்தவர்கள் கூட அல்லர்.
* அம்மாவின் பழைய சேலைத் துண்டு, குடும்பப் படம் ஏதாவது ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும்.
* பார்க்க வரும் நாளைச் சொல்லி, அந்த நாளில் தவறாமல் போங்கள்.

"நீங்கள் வந்தால் பிள்ளை அழுது குழம்புது, வராதேங்கோ" என்று சில இடங்களில் சொல்வதுண்டு. அதை ஏற்காதீர்கள். அன்னா பிராய்டின் இல்லத்தில் சூளை எரிக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் ரொபேட்சன், பின்னாளில் வைத்தியசாலையில் தாயைப் பிரிந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி 1952 இல் ஒரு படம் எடுத்தார். பிரிந்த குழந்தை முதலில் அழும், பிறகு சோரும், பிறகு அமைதியாகும். அந்த அமைதியைச் சுகம் என்று எண்ணக் கூடாது, பிள்ளை நம்பிக்கையை விட்டதன் அடையாளம் அது என்று அவர் காட்டினார். பெற்றோர் பிள்ளையோடு வைத்தியசாலையில் தங்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவ அவருடைய பணியும் ஒரு காரணமாயிற்று. பார்க்க வந்த தாயைக் கண்டு அழுகிற பிள்ளை, தாய் தனக்கு இன்னும் இருக்கிறாள் என்று நம்புகிற பிள்ளை.

வளர்ந்த பிள்ளைகளும் நஞ்சுப் போத்தலும்

பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புத்திமதி வேண்டாம். பொறுப்பும் மரியாதையும் வேண்டும். குடும்பத்தின் தீர்மானங்களில் அவர்களையும் கேளுங்கள். பாதுகாப்பு என்று எண்ணிப் பெண்பிள்ளைக்கு வயதுவர முன் கலியாணம் பேசாதீர்கள். விட்ட படிப்பைத் தொடரவோ, ஒரு தொழிலைப் பழகவோ வழி பாருங்கள்.

விவசாயக் குடும்பங்களுக்கு ஓர் அவசிய வார்த்தை. 1995 அளவில் உலகில் தற்கொலை மிகக் கூடிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பயிர்களுக்கு அடிக்கும் நஞ்சே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. மிகக் கொடிய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, அடுத்த பத்து ஆண்டுகளில் அவ்விறப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கைக்கு எட்டாதபோது, அந்த ஒரு கண வெறி தணிந்து பல உயிர்கள் தப்பின. ஆகவே கொட்டிலில் பூச்சிமருந்து, களைநாசினி எதையும் வைக்காதீர்கள். தேவையான அளவு மட்டும் வாங்கி, மிச்சத்தைப் பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும். பிள்ளை "செத்தால் நல்லம்" என்று சொன்னால் பகிடியாக எடுக்காதீர்கள். "அப்படி யோசிக்கிறியா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே ஆறுதலாகும். தனியே விடாமல், அன்றே உதவி தேடுங்கள்.

எப்போது, யாரிடம்?

அடையாளங்கள் ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால், பிள்ளை சாப்பிடாமலும் நித்திரையின்றியும் மெலிந்தால், பேச்சே நின்றுவிட்டால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், அல்லது யாராவது பிள்ளையிடம் தகாத முறையில் நடந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். முதலில் பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் அல்லது குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலை மனநலப் பிரிவில் பணம் எடுப்பதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

போகும்போது தாயும் தந்தையும் சேர்ந்து போங்கள். பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். உளவியலாளர் உங்கள் பிள்ளையோடு இருப்பது வாரத்தில் ஒரு மணித்தியாலம்; மற்ற மணித்தியாலங்கள் எல்லாம் உங்களுடையவை. காணி திரும்பக் கிடைக்க நாளாகலாம். கிணற்றைத் துப்புரவாக்கவும் கூரை போடவும் உதவிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். இன்றிரவு பிள்ளையைக் கூட இருத்திச் சாப்பிட, படுக்க முன் ஒரு கதை சொல்ல, யாருடைய அனுமதிக்கும் நாம் காத்திருக்கத் தேவையில்லை.